ஏழு சென்டிமீட்டர்

என் வலைத்தளத்தின் முகப்பில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே படம்தான் இருந்தது. பக்கவாட்டில் நின்று எடுத்தது. மணமகளின் கழுத்தருகே மணமகனின் விரல்கள் மஞ்சள் கயிற்றைப் பற்றியிருக்கின்றன. முதல் முடிச்சு பாதி விழுந்த நிலை. மேலிருந்து விழும் அட்சதையில் மூன்றே மூன்று அரிசிகள் மட்டும் கூர்மையாக, ஒட்டியிருக்கும் மஞ்சளோடு தெரிகின்றன. மணமகளின் காதோரம் வியர்வையில் ஒட்டிக்கொண்ட ஒரு முடிக்கற்றை. அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் பொன்னும் சிவப்புமாகக் கரைந்து, கண் கலங்கிய நேரத்தில் தீபாராதனையைப் பார்ப்பதுபோல் இருக்கும். எடுத்த நொடியிலேயே, கேமராவின் திரையைப் பார்க்கும் முன்பே, கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த உணர்வு ஆண்டுக்கு நான்கைந்து முறை வாய்த்தால் பெரிது. மற்ற நாள்களில் அதை நம்பித்தான் தோளில் பையைச் சுமக்கிறோம்.

2020 ஜனவரி இறுதி, தை மாதத்து முகூர்த்தம். சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கோயில் மண்டபம். படங்களை மார்ச் முதல் வாரத்தில் கொடுத்துவிட்டேன். மணமக்களுக்கு அந்த ஒரு படம் மிகவும் பிடித்துப்போய், பெரிதாக அச்சிட்டுக் கேட்டார்கள். திருமணங்களே அருகிப்போன அடுத்த சில மாதங்களிலும்கூட அதைப் பார்த்துவிட்டு, எங்களுக்கும் இப்படித்தான் வேண்டும் என்று நான்கு ஜோடிகள் என்னைத் தேடி வந்தார்கள். ஆகவே அந்தப் படத்தைப் பற்றி எனக்கு இருந்த பெருமிதத்துக்குக் காசுக் கணக்கும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரலில் மணமகளின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். கொவிட் பரவலைத் தடுக்கும் அதிரடித் திட்டம் தொடங்கி எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருந்த நேரம். நலம் விசாரித்தார், படங்களைப் புகழ்ந்தார், பிறகு தயங்கினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். அந்தத் தாலி கட்டுற படத்துல பின்னால நிக்கிறது எங்க அப்பாதானே?"

கணினியில் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். மணமகனின் தோளுக்கு மேலே, தந்த நிறச் சட்டையாக இருக்கக்கூடிய ஒரு வெளிர்நிறத் திட்டு. அதன்மேல் ஒரு பழுப்பு வட்டம். அதன் உச்சியில் வெண்மை. வட்டத்துக்குப் பக்கத்தில் உயர்ந்திருக்கும் இன்னொரு சிறிய பழுப்புத் திட்டு, அட்சதை தூவிய கையாக இருக்க வேண்டும்.

"முகம் தெரியிற மாதிரி மாத்திக் குடுக்க முடியுமா? கம்ப்யூட்டர்ல பண்ணலாம்னு பையன் சொன்னான்."

முடியாது என்று விளக்கினேன். லென்ஸ் பதிவு செய்யாததைக் கணினி ஊகித்து வரையலாம், ஆனால் அது உங்கள் அப்பாவின் முகமாக இருக்காது என்றேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். அவருடைய தந்தை மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருந்தார். எண்பதைக் கடந்தவர், பேத்தியின் திருமணத்துக்காக இரவுப் பேருந்தில் வந்து, அன்று இரவே திரும்பியவர். மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது, சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் கடற்பாலம் வெறிச்சோடியது. எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாத அந்த நாள்களில், தந்தையின் படம் ஒன்றைக் கூடத்தில் மாட்டி வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கைப்பேசியில் எடுத்தவை இல்லையா என்று கேட்டேன். "இருக்கு தம்பி. ஒண்ணுல சாப்பிடுறாரு, மத்ததுல எல்லாம் கண்ண மூடியிருக்காரு" என்றார். குடும்பப் படத்தில் அவர் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர் என்பதால் முதல் பந்திக்கே அழைத்துப் போய்விட்டார்கள். குடும்பத்தை மேடையில் வரிசையாக நிறுத்தி வைத்து எடுத்த நான், யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று ஒருவரையும் கேட்கவில்லை.

கரைக்கும் கலை

அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் தவறு நடந்த இடம் ஒரு எண்ணில் இருக்கிறது. 85 மில்லிமீட்டர் லென்ஸ், ஒளி புகும் துளையான அப்பர்ச்சர் 1.4 (இந்த எண் ஏற ஏறத் துளை சிறுக்கும்). மணமகளின் கழுத்துக்கும் எனக்கும் சுமார் 2.5 மீட்டர் தூரம். இந்தக் கணக்கில் படத்தில் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர்தான், என் சுட்டுவிரலின் நீளம். அந்த 7 சென்டிமீட்டருக்குள் விரல்களும் கயிறும் மூன்று அரிசிகளும் வந்தன. பெரியவர் அதற்கு ஒன்றரை மீட்டர் பின்னால் நின்றார். அப்பர்ச்சரை 5.6க்குக் குறைத்திருந்தால் பின்னணியின் மங்கல் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கி, அவர் முகம் அடையாளம் காணும் அளவுக்கு வந்திருக்கும். அதற்கு விலை உண்டு. சென்சாருக்கு வரும் ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறையும். சென்சாரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 400 வைத்த இடத்தில் 6400 வைக்க வேண்டும். படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் எழும். எழுந்தால் என்ன என்று இன்றைக்குக் கேட்கத் தெரிகிறது.

ஏன் 1.4 என்று கேட்டால், சிங்கப்பூரில் திருமண மண்டபத்தில் நின்றவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. மணமேடைக்குப் பின்னால் பச்சை நிறத்தில் ஒளிரும் வெளியேறும் வழிப் பலகை, சுவரில் தீயணைப்புக் கருவி, ஓரத்தில் அடுக்கி வைத்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள், காணொளிக்காரரின் முக்காலி, எல்லாவற்றுக்கும் மேலாக உயர்த்திப் பிடித்த நாற்பது கைப்பேசிகள். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்தால் இவை அனைத்தும் ஒரே இழுப்பில் கரைந்துவிடும். அந்த லென்ஸை இரண்டு திருமணங்களின் வருமானத்தைக் கொடுத்து வாங்கியதே இதற்காகத்தான். மணமக்கள் 'கிரியேட்டிவ் ஷாட்' என்று கேட்பதும் பெரும்பாலும் இதைத்தான். நானும் அதைப் படைப்பாற்றல் என்றே நம்பினேன். 2008இல் பெனின்சுலா பிளாசாவில் பழைய கேமரா ஒன்றை வாங்கித் தொழிலுக்கு வந்தவன் நான். எனக்கு முன்னோடி என்று நான் நினைத்துக்கொண்டது யிப் சியோங் ஃபன் போன்றவர்களை. விடியற்காலைக் கடலையும் படகுகளையும் எடுத்து, 1984இல் கலாசாரப் பதக்கம் பெற்றவர். அவருடைய படங்களில் வேண்டாதது எதுவும் இருக்காது. வேண்டாததை விலக்கத் தெரிந்தவனே கலைஞன் என்ற பாடத்தை அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். கடலில் விலக்குவது அலையையும் மேகத்தையும், மண்டபத்தில் விலக்குவது ஒருவருடைய தாத்தாவை என்பது எனக்கு உறைக்கவில்லை.

தொழிலுக்கு வெளியே நான் எடுத்துக்கொண்டிருந்தவையும் இதே போக்குதான். விடுமுறை நாள்களில் காலை ஆறரை மணிக்குத் தேக்கா சந்தைக்குப் போவேன். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் ஊரில் நல்ல ஒளி அரை மணி நேரம் நின்றால் அதிகம். ஏழு மணிக்கு விடிந்து எட்டரைக்குள் வெயில் சுள்ளென்று ஏறிவிடும். குளிரூட்டிய அறையிலிருந்து கேமராவை எடுத்து வந்தால் முதல் பத்து நிமிடம் லென்ஸ் பனித்துப்போய் எதுவும் தெரியாது. அந்தப் பத்து நிமிடமும் கறிவேப்பிலைக் கட்டு அவிழ்ப்பவரின் பக்கத்தில் வெறுமனே நின்றுகொண்டிருப்பேன். ஒருமுறைகூட அவருடைய பெயரைக் கேட்டதில்லை. கறிவேப்பிலையின் மேல் விழும் ஒளியைப் பற்றி மட்டும் எனக்கு நிறையத் தெரியும். கல்யாணம் சோற்றுக்கு, தேக்கா கலைக்கு என்று வாழ்க்கையை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன்.

பதினான்காவது படம்

அழைப்பு வந்த அன்று இரவு பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்தேன். வேறு வேலையும் இல்லை. அந்தத் திருமணத்தில் மொத்தம் 2,340 படங்கள் எடுத்திருந்தேன். குடும்பத்துக்குக் கொடுத்தது 620. மிச்சத்தில் தந்த நிறச் சட்டை போட்ட, நரைத்த தலையுள்ள ஒருவரைத் தேடிக்கொண்டு போனேன். கண் கூர்ந்து பார்த்த பிறகு பதினொரு படங்களில் அவர் அகப்பட்டார். ஒன்றில் படத்தின் ஓரம் அவரைப் பாதியாக வெட்டியிருந்தது. இன்னொன்றில் தாம்பாளத்தில் தாலியை ஏந்திப் பெரியவர்களிடம் ஆசி வாங்கிவரும்போது அவர் கை மட்டும் தாம்பாளத்தைத் தொடுகிறது. முகத்தின் மேல் யாருடைய மல்லிகைச் சரமோ. மற்றவற்றில் மங்கல். இத்தனைக்கும் ஒரு படத்தில்கூட நான் வேண்டுமென்றே அவரை விலக்கவில்லை. அவர் இருப்பதே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கடைசியாக, பார்க்கவே தேவையில்லை என்று ஒதுக்கி வைத்திருந்த தொடக்கப் படங்களுக்குப் போனேன். காலை 5.50. மண்டபத்தில் மேடை விளக்குகளைப் போட்டுப் பார்க்கிறார்கள். மேடைக்குக் கீழே குழல்விளக்கு, மேலே ஊதா நிற எல்இடி. இந்த இரண்டும் கலந்தால் நம்மவர் தோல் நிறம் சாம்பலாகவோ கத்தரிக்காய் நிறமாகவோ விழும். வைட் பேலன்ஸ் சரி பார்க்க ஒரு மனித முகம் தேவை. குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்த ஒருவரை, "ஐயா, கொஞ்சம் இங்க வந்து நில்லுங்க" என்று கூப்பிட்டேன். அப்படிக் கூப்பிட்டது அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மூன்று படங்கள். எண்கள் 12, 13, 14. முதலாவது இருட்டாக இருக்கிறது. அவர் மூக்குக்கண்ணாடியோடு, சற்றுக் குனிந்து, எண்ணெய் பட்ட விரல்களைத் துண்டில் துடைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டாவதில் நிறம் ஊதாவாகத் திரிந்திருக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைக்கிறார், இன்னொரு கை கழுத்துப் பொத்தானைத் தேடுகிறது. மூன்றாவதில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒளி சரி, நிறம் சரி. பொத்தான் போடப்பட்டிருக்கிறது. துண்டு தோளில் மடிப்பு மாறாமல் விழுந்திருக்கிறது. கைகள் இரண்டும் உடலோடு ஒட்டி, மோவாய் சற்றே உயர்ந்து, கண்கள் நேராக லென்ஸைப் பார்க்கின்றன. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் என்று பின்னர் கேள்விப்பட்டேன். அந்த நிமிர்வில் தோட்டத்து எழுத்தரான ஒரு கிராணியின் முன்னால்கூடக் கூசாதவர் என்ற தோரணை இருந்தது.

அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியும். கேமராவின் பின்திரையில் ஒளி வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு சக்கரத்தைத் திருகிக்கொண்டிருந்தேன். மூன்றாவது முடிந்ததும் "போதுங்கய்யா" என்றிருப்பேன். அவர் தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்று நினைத்து, ஒவ்வொன்றாகத் தன்னைத் தயார் செய்துகொண்டு, முழு மனதோடு நின்றிருக்கிறார். எனக்கு அவர் ஒரு சாம்பல் அட்டை. விளக்கைச் சோதிக்க உதவிய ஒரு பரப்பு.

படத்தை அவர் மகளுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "தம்பி, இது ஏன் ஆல்பத்துல இல்ல?" தெரிவு செய்யும்போது விடுபட்டுவிட்டது அக்கா, மன்னிக்கவும் என்று எழுதினேன். அது பொய். சோதனைப் படங்கள் தெரிவுக்கே வருவதில்லை.

பத்து டாலர் சாயல்

பதினான்காம் எண் படம் நல்ல படம். இப்போதும் அதில் மாற்ற எனக்கு ஒன்றுமில்லை. அதை எடுத்தது நான்தான், ஆனால் அதில் நான் படைத்தது எதுவும் இல்லை. நின்ற இடத்தை நான் சொன்னேன். மற்றவை அனைத்தையும், கண்ணாடியிலிருந்து பொத்தான் வரை, அவர் செய்தார். தொழிலில் நுழைந்த நாளிலிருந்து படைப்பாற்றல் கேமராவுக்குப் பின்னால் இருப்பவனிடம் உள்ள ஒன்று என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு இது பெரிய குடைச்சலாகிவிட்டது. கேமராவுக்கு முன்னால் நிற்பவரும் ஏதோ ஒன்றை உண்டாக்கித் தருகிறார், சில படங்களில் அவர் மட்டுமே தருகிறார் என்றால், என்னுடைய பங்கு என்ன?

அந்த ஆண்டு முழுக்க வேலை குறைவு என்பதால் பழைய படங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் முதன்முதலாகப் புகைப்படத் தொழிலுக்கு விளம்பரம் கொடுத்தவர் காஸ்டன் டுட்ரொங்குவா. லண்டன் ஹோட்டல் என்ற விடுதியை நடத்தியவர். 1843 டிசம்பரில் வெளியான அந்த விளம்பரம், இரண்டே நிமிடத்தில் உங்கள் சாயலைப் பதித்துத் தருகிறோம், அதில் குறை எதுவும் இருக்காது, அச்சு அசலாக இருக்கும், ஒருவருக்கு 10 டாலர், ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரே படத்தில் இருந்தால் 15 டாலர் என்று போகிறது. கலை, கற்பனை, தனித்துவம் என்ற பேச்சே இல்லை. நீங்கள் நீங்களாகவே இருப்பீர்கள் என்பதுதான் வாக்குறுதி. இரண்டு நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருப்பது எத்தனை சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். அந்த இரண்டு நிமிடமும் உழைத்தவர் உட்கார்ந்திருந்தவர்தான்.

அதைவிட என்னை நிறுத்தியவை ஹில் ஸ்திரீட்டில் இருந்த லீ பிரதர்ஸ் ஸ்டூடியோவின் படங்கள். 1910 முதல் 1925 வரையிலான காலத்தைச் சேர்ந்த சுமார் 2,500 படங்கள் அவர்கள் குடும்பத்திடமிருந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்திருக்கின்றன. உபரியாக அச்சிட்டவை, எடுத்துக்கொண்டவர்கள் திரும்ப வந்து வாங்கிப் போகாதவை. சீனர், பெரனாக்கான், இந்தியர், ஐரோப்பியர் என்று எல்லாரும் அதே ஸ்டூடியோவில் நின்றிருக்கிறார்கள். பலருடைய பெயர் இன்று தெரியாது. பின்னணித் திரை, நாற்காலி, மேசை எல்லாம் மீண்டும் மீண்டும் வரும். படம் எடுத்தவரின் புதுமை என்று சொல்ல ஏதுமில்லை, தேர்ந்த கைவேலைதான். ஆனால் நிற்பவர்களைப் பாருங்கள். கையை எங்கே வைப்பது, எதைப் பிடித்துக்கொள்வது, நகையில் எது வெளியே தெரிய வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒரு முடிவு எடுத்து வந்திருக்கிறார்கள். மிகக் கிரியேட்டிவாக எடுத்த என் படத்தில் இருக்கும் கழுத்து யாருடையது என்று நூறு ஆண்டு கழித்து யாராலும் சொல்ல முடியாது. பெயர் தெரியாத அந்த மனிதர்களையோ, தெருவில் எதிரே வந்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம் என்று தோன்றியது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் சட்டம் என்னைப் படைப்பாளி என்று அறிவித்தது. சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம் 2021 நவம்பர் 21ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அதற்கு முன்பு, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவருக்கே போய்ச் சேரும். புதிய சட்டத்தில் அது மாறி, எடுத்தவருக்கே உரியதாகியது. எடுத்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற உரிமையும் சேர்ந்து வந்தது. தொழில் நண்பர்கள் கொண்டாடினார்கள். அது நியாயமான கொண்டாட்டம்தான், ஏனென்றால் எங்கள் படங்களைப் பெயரே போடாமல் எடுத்துக்கொண்டவர்களிடம் நாங்கள் பட்டது கொஞ்சமில்லை. நானும் என் ஒப்பந்தப் படிவத்தைத் திருத்தி எழுதினேன். உரிமைக்குரியவர் என்ற இடத்தில் என் பெயரைத் தட்டச்சு செய்யும்போது, பழைய படமாக இருப்பதால் இந்தச் சட்டத்துக்கு உட்படாவிட்டாலும், பதினான்காம் எண் என் நினைவுக்கு வந்தது. இன்று எடுத்திருந்தால் அது முழுக்க என்னுடையது. பொத்தான் போட்ட விரல்களுக்கு அதில் பங்கில்லை.

யார் யாருக்கு என்ன உறவு

இப்போது திருமணத்துக்கு ஒரு வாரம் முன்பு மணவீட்டாருடன் உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுகிறேன். தாய்மாமன் யார், எந்தச் சடங்கில் அவர் கை வரும். முதல் முடிச்சுக்குப் பிறகு மற்ற முடிச்சுகளைப் போடப்போகும் நாத்தனார் யார், அவர் எந்தப் பக்கம் நிற்பார். கடற்பாலம் தாண்டி யார் வருகிறார்கள், எந்தப் பேருந்தில் திரும்புகிறார்கள். யாருக்குச் சர்க்கரை, யார் முதல் பந்தியில் உட்காருவார். இது படைப்பாற்றல் சம்பந்தப்பட்ட வேலைபோல் இல்லைதான். கணக்கர் வேலைபோல் இருக்கிறது என்று என் உதவியாளர் கேலி செய்வார். ஆனால் எதைக் கூர்மையாக்குவது, எதைக் கரைப்பது என்ற முடிவு சட்டகத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் எடுக்கப்பட்டால், அதை லென்ஸ்தான் எடுக்கிறது. நான் கையெழுத்து மட்டும் போடுகிறேன்.

தாலி கட்டும் நேரத்தில் இப்போதெல்லாம் 5.6தான். பக்கவாட்டில் நெருங்கி நிற்பதை விட்டுவிட்டு, மேடைக்கு எதிரே ஒரு சிறு முக்காலியின் மேல் ஏறி நிற்கிறேன். கெட்டிமேளம் எழும்பியதும் மணமக்களுக்குப் பின்னால் இருக்கும் அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் உயர்கின்றன. சில கைகள் அரிசியை வீசிவிட்டன, சில இன்னும் மூடியிருக்கின்றன, ஒரு பாட்டியின் கை எப்போதும் அரை நொடி தாமதமாக வரும். இதை ஒரு படத்துக்குள் அடக்குவது 1.4இல் கழுத்தைப் பிடிப்பதைவிடப் பல மடங்கு கடினம். பச்சைப் பலகையை மறைக்க ஒரு தலை எங்கே வர வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும்; கைப்பேசிகளை என்ன செய்வது என்று இன்னும் எனக்கு வழி தெரியவில்லை. பத்துக்கு ஏழு முறை சொதப்பிவிடுகிறது. சரியாக அமைந்த மூன்றும், உண்மையைச் சொல்லப் போனால், இணையத்தில் அவ்வளவாக எடுபடுவதில்லை. கைப்பேசித் திரையில் நாற்பது முகங்கள் கடுகு அளவுதானே தெரியும். மணமகள் ஒருவர், "அண்ணே, இது பழைய ஸ்டைல் மாதிரி இருக்கே" என்று சொன்னார். அவருக்கு அந்தக் கழுத்துப் படம் மாதிரியே ஒன்று வேண்டும். அதையும் எடுத்துக் கொடுத்தேன், முடிச்சு விழுந்து ஒரு நிமிடம் கழித்து, மாலையைச் சரிசெய்யும் நேரத்தில்.

ஒரு சின்ன விலகல். முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கித் தாருங்கள் என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அதற்கும் கிரியேட்டிவ் எடிட்டிங் என்றே பெயர். தானியங்கி அளவீட்டை நம்பினால், வெள்ளை வேட்டிக்காரர்கள் நிறைந்த மேடையில் கேமரா குழம்பிப்போய் நம் முகங்களை இன்னும் இருட்டாக்கிவிடும் என்பது உண்மை. அதைத் திருத்துவது என் வேலை, திருத்துகிறேன். அதற்கு மேல் ஒரு புள்ளிகூட ஏற்ற மாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறேன். இந்தப் பிடிவாதத்தால் போன வாய்ப்புகள் உண்டு, அதில் வருத்தமில்லை.

பழைய கழுத்துப் படத்தை முகப்பிலிருந்து எடுக்க எனக்கு 2022 வரை ஆனது. எடுக்க மனம் வரவில்லை என்பதே காரணம்; வேலை கொண்டுவந்த படம். இப்போது மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. அந்த மூன்று அரிசிகளைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு மனம் துள்ளுகிறது. அது மோசமான படம் என்று என்னை நானே நம்பவைக்கப் பலமுறை முயன்றும் முடியவில்லை.

ஈசூனில் ஒரு மாலை

2022 ஏப்ரல் முதல் தேதி எல்லை முழுமையாகத் திறந்தது. மே மாதம் அந்த அம்மாள் மறுபடியும் அழைத்தார். பேரனுக்கு முதல் பிறந்தநாள், அப்பா வந்திருக்கிறார், வந்து இரண்டு படம் எடுத்துக் கொடுங்கள் என்றார். கட்டணம் பற்றிப் பேச்செடுத்தார். நான் காதில் வாங்கவில்லை.

ஈசூனில் ஒன்பதாவது மாடியில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. கூடத்தில், சாமி படங்களுக்கு எதிர்ச்சுவரில், பதினான்காம் எண் தேக்குச் சட்டத்துக்குள் மாட்டப்பட்டிருந்தது. பெரியவர் அதற்கு நேர் கீழே சோபாவில், மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். சற்று மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, பக்கத்தில் இருந்த பேத்தியின் கணவரைக் கையால் தட்டினார்.

"மாப்ள, இந்தத் தம்பிதான். அன்னிக்கு உங்களையெல்லாம் எடுக்கிறதுக்கு முன்னாடி மொதல்ல என்னைத்தான் கூப்பிட்டு எடுத்தாரு. இல்லீங்களா தம்பி?"

"ஆமாங்கய்யா" என்றேன்.

குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். எங்கே நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். வராந்தாவில் சாய்ந்திருந்த மாலை வெயில் கம்பிக் கதவு வழியாகக் கோடுகோடாக உள்ளே விழுந்தது. கூடத்தில் குழல்விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. நிறம் சரி பார்க்க வேண்டும். அவர் கழுத்துப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கமாக என் இடது கையை நீட்டி, உள்ளங்கையை வெளிச்சத்துக்குத் திருப்பி, அதைப் படம் எடுத்தேன். திருத்தினேன். இன்னொரு முறை உள்ளங்கையை எடுத்தேன். பிறகு கேமராவை இறக்கிக்கொண்டு, அவர் பொத்தானைப் போட்டு முடிக்கும்வரை நின்றேன்.